நீலக் கட்டம்

“அந்தப் படத்தைத் தப்புன்னு சொல்லித் திரும்ப வாங்குங்க சார்.”

கேட்டது இறந்தவரின் மகள். பிணம் கிடக்கிற வீட்டில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அவளுடைய மேலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். அவள் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்: வாடிக்கையாளர் கைக்குப் போன வரைபடத்தைத் திரும்பக் கேட்கிற பேச்சே கூடாது.

கூடத்தில் அப்பா படுத்திருந்தார். வெயிலில் உரிந்த மூக்கில் யாரோ எண்ணெய் தடவியிருந்தார்கள். தலைமாட்டில் அம்மா போர்வையின் ஒரே மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

“இப்போ எதுக்குடி இது,” என்றாள், நிமிராமல்.

செயற்கைக்கோள் எடுக்கும் படத்தை வைத்து, ஒரு வயலில் மண்ணும் பயிரும் எவ்வளவு நீரை ஆவியாக விடுகின்றன என்று கணக்கிடுவது மகளின் வேலை. தண்ணீர் குடித்த பயிர் வியர்க்கும், வயல் குளிரும். காய்ந்த வயல் கொதிக்கும். சூடு தெரிந்தால் ஈரம் தெரிந்துவிடும். ஈரத்துக்கு நீலம், வறட்சிக்குச் சிவப்பு. அப்பா ஒருமுறை இதையெல்லாம் கேட்டுவிட்டு, நான் வேலை செய்றேனா தூங்குறேனான்னு மேலேர்ந்து தெரியுமா என்றார். ஒரு கட்டம் நூறு மீட்டர்ப்பா, அதுல நீ தெரியவே மாட்டே என்றாள். அப்போ நிம்மதியாத் தூங்கலாம் என்று சிரித்தார்.

அப்பா வேலை பார்த்த பண்ணையும் அந்த வரைபடத்தைத்தான் வாங்கியது. நீல வயலுக்குத் தண்ணீர் திறக்க வேண்டாம். நீல வயல் குளிர்ச்சி. அங்கே களையெடுப்பவர்களுக்கு மதிய ஓய்வும் வேண்டாம். பண்ணை அப்படி ஒரு விதி வைத்திருந்தது. படம் எடுத்த நேரத்தில் கிழக்கு வயலின் மேல் மெல்லிய மேகம் ஒன்று நின்றிருக்கிறது. செயற்கைக்கோள் அளந்தது மேகத்தின் குளிரை. மேகம் படிந்த கட்டங்களை நீக்கும் சோதனையை, படங்கள் சீக்கிரம் போகட்டும் என்று மேலாளர் தளர்த்தியிருந்தார். கணக்கு தனக்குக் கொடுத்ததை நம்பி, வயல் நன்றாகக் குடித்திருக்கிறது என்றது. அந்த வாரம் முழுக்க அங்கே ஓய்வு இல்லை. நேற்று மத்தியானம் அப்பா அங்கேதான் விழுந்தார்.

பண்ணைக் கண்காணிப்பாளர் காலையிலேயே வந்து போயிருந்தார். நெஞ்சுவலியாக இருக்கும் என்றார். வெயில் என்று யாரும் கிளப்ப வேண்டாம், அந்த வயல் குளிர்ந்துதான் இருந்தது, உங்கள் மகள் கம்பெனிப் படமே சாட்சி என்றார். பண்ணை கொடுத்த இந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாம் என்றும் சொன்னார். அம்மா கும்பிட்டாள்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு கட்டத்தைத் தப்பென்று ஒப்புக்கொண்டால் இந்தப் பருவத்துப் படங்கள் அத்தனையையும் தோண்டுவார்கள், ஆபீசையே மூட வேண்டியதுதான் என்றார்.

“எந்தக் கணக்குலயும் கொஞ்சம் பிழை இருக்கும்மா. உனக்குத் தெரியாததா?”

“இருக்கட்டும் சார். அந்தப் பிழையிலதான் எங்கப்பா நின்னுக்கிட்டிருந்தாரு.”

சித்தப்பா சுவரோரத்திலிருந்து கனைத்தார். “படிக்க வெச்சதே தப்புன்னு சொல்ல வெச்சிடாதம்மா.”

“படிக்க வெச்சவரு இங்கதான் படுத்திருக்காரு. அவரு சொல்லட்டும்.”

மேலாளர் ஒருவழியாக மலர்வளையத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது நழுவி விழுந்தது. யாரும் நிமிர்த்தவில்லை.

“வீட்டை விட்டு எங்கடி போவோம்?” என்றாள் அம்மா.

மகள் அம்மாவின் எதிரே குந்தினாள். மடிப்பை நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

“தூக்கிட்டு வந்து போட்டப்போ தொட்டுப் பாத்தேன்,” என்றாள் அம்மா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “அடுப்புக்கல்லு மாதிரி கொதிச்சுது.”

பிறகு மறுபடி நீவத் தொடங்கினாள்.

செயற்கைக்கோள் எடுத்த படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். மேகம் அதில் அப்படியே இருக்கும். கம்பெனி பூட்டி வைத்திருப்பது கணக்கை மட்டும்தான். சாயங்காலம் உடலை எடுப்பதற்குள், வெயிலால் வந்த சாவுதானா என்று பார்க்க மருத்துவரை வரவழைக்கத் தொழிலாளர் அதிகாரியால் முடியும். அந்த அதிகாரியின் அலுவலகம் சந்தைக்கு எதிரில்தான் இருக்கிறது.

மகள் எழுந்தாள். மேலாளர் வாசலை அடைத்து நின்றார்.

“நாளைக்கு ஆபீஸ்ல பேசலாம்மா.”

“நாளைக்கு நான் வரல சார். கொஞ்சம் தள்ளுங்க.”

வாசலில் வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதை அவள் தேடவில்லை. முற்றத்துச் சிமெண்டு காலைச் சுட்டது. அவள் நடையை வேகப்படுத்தவில்லை.