ஆறடி ஏழு

அந்தக் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குப் பெரிய கோச் என்று ஒருவர், சின்னக் கோச் என்று ஒருவர். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. வயதில் சின்னக் கோச்தான் ஆறு வருடம் மூத்தவர், வேலை முழுவதும் அவர் தலையில்தான். பந்துக்குக் காற்றடிப்பது, பேருந்துக்குச் சொல்லிவைப்பது, சுளுக்கிய காலுக்குக் கட்டுப்போடுவது, பரீட்சைக்காக ஆட்டக் கூடத்தில் போட்ட மேசைகளை எப்போது எடுப்பீர்கள் என்று ஆபீசில் போய்ப் பல்லைக் காட்டுவது, எல்லாம் அவர்தான். விசில் மட்டும் பெரியவர் கழுத்தில் தொங்கியது.

அணியின் புத்தகமும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் பன்னிரண்டு பக்கத்தில் ஒன்று அச்சாகும். ஒவ்வொரு ஆட்டக்காரனின் படம், படிக்கும் வருடம், ஆடும் இடம், உயரம். அதை எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்புவார்கள். அதில் போடும் உயரம் இருக்கிறதே, அது ஊரறிந்த பொய். ஷூவோடு நிற்க வைத்து அளப்பார்கள், அரை அங்குலத்தை ஒன்றாக்குவார்கள், பிறகு பையனின் மனது கோணக் கூடாது என்று இன்னும் கொஞ்சம். எல்லாக் கல்லூரியும் இரண்டு அங்குலம் கூட்டும். படிக்கிறவர்களும் மனதுக்குள் இரண்டைக் கழித்துக்கொண்டுதான் படிப்பார்கள். எல்லோரும் ஒரே அளவில் பொய் சொன்னதால் யாருக்கும் நஷ்டமில்லாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சின்னக் கோச் ஒருவனுக்கு மட்டும் நாலு அங்குலம் கூட்டினார். அவன் அவருடைய அக்கா மகன்.

அணியில் அவனுக்கு நெட்டை என்று பெயர். சேரும்போது பதினேழு வயது, வெறுங்காலில் ஆறடி மூன்று. அத்தான் நல்ல உயரம், பையன் எப்படியும் இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவான், அப்போது போடப்போவதை இப்போதே போட்டால் என்ன என்று தாய்மாமனுக்கு ஒரு கணக்கு. ஆறடி ஏழு என்று போட்டார். பாசம் கண்ணை மறைத்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படி விடமாட்டேன். மருமகன் முதல் ஐந்து பேரில் நிற்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது, அந்த ஆசை அவருக்கே நன்றாகத் தெரியும்.

பையன் பிறகு வளர்ந்தது அரை அங்குலம்.

அந்த வருடம்தான் பெரிய கோச் புதிதாக வந்தார். சீசனுக்கு ஒரு வாரம் இருந்தது. அச்சாகியிருந்த புத்தகத்தைப் புரட்டி, "ஏழா? அப்ப இவன்தான் சென்டர்" என்று பென்சிலால் வட்டம் போட்டார். சென்டர் என்றால் வளையத்துக்குக் கீழே, கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முட்டியும் மோதியும் பந்துக்கு அடித்துக்கொள்ளும் இடம். நெட்டையோ பள்ளிக்கூடத்தில் கார்டு, அதாவது வளையத்துக்குத் தள்ளி வெளியே நின்று ஆடியவன். மூன்று பாயிண்ட் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்று எறிவான், வலை மட்டும் அசையும். அவன் அப்போதே மாமாவிடம் வந்து கேட்டான்.

"மாமா, நான் கார்டு இல்லையா? வெளியில நின்னாதான எனக்கு வரும்."

"ஆறடி ஏழு உசரம் இருந்துக்கிட்டு வெளியில நின்னு பராக்கு பாப்பியா? உள்ள நில்லுடா."

தான் எழுதிய பொய்யைத் தானே நம்ப ஒரு மனிதனுக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டால், சின்னக் கோச்சுக்கு ஒரு வாரம் ஆனது. பெரிய கோச் குள்ளமான ஆள். அண்ணாந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுதான், ஏழும் ஒன்றுதான். அதனால் மூன்று சீசனாக நெட்டைக்குத் திட்டுத்தான். "இவ்வளவு உசரம் இருந்து என்னடா பிரயோஜனம்? உன்னைவிடக் குட்டையானவன் தலைக்கு மேல பந்தை எடுக்கிறான்!" அந்தக் குட்டையானவன் நிஜத்தில் நெட்டையைவிட ஓர் அங்குலம் உயரமாக இருப்பான். சின்னக் கோச் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப் புட்டிகளை எண்ண ஆரம்பிப்பார்.

இப்போது நாலாவது வருடம், கடைசி சீசன். சீசனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தபோது ஒரு பெரிய கிளப்பிலிருந்து போன் வந்தது. கல்லூரிகளிலிருந்து இரண்டே இரண்டு பேரை எடுக்கப்போகிறார்களாம். பழைய புத்தகங்களைப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆள் வருவார்.

"உயரம் புத்தகத்துல இருக்கிறதுதானே?" என்று கேட்டார் கிளப்காரர்.

சின்னக் கோச் போனை மறு காதுக்கு மாற்றினார். இதோ வாய்ப்பு, சொல்லிவிடலாம். உயரம் குறைவு, ஆனால் பையன் வெளியே நின்று எறிவான், அதற்கு வந்து பாருங்கள் என்று ஒரு வாக்கியம். சொன்னால் போனை வைத்துவிடுவார்களோ என்று பயம்.

"புத்தகத்துல இருக்கிறதுதான் சார்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா சீருடை தைக்கும் கடையில் தையல்காரி. வீட்டிலும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சேதியைச் சொன்னதும் மெஷினை நிறுத்தினாள்.

"நிஜமாவாடா? எடுத்துக்குவாங்களா?"

"வந்து பாக்கறாங்கக்கா."

"எடுத்துட்டாங்கன்னா போதும்டா. இவன் அப்பா போனப்புறம் இந்த ஒண்ணுக்காகத்தான் நான் இந்த மெஷினை மிதிக்கிறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவள்போல், "ஆமா, அந்தப் புத்தகத்துல ஏழுன்னு போட்டிருக்கியே. அவனுக்கு நான்தான் பேன்ட் தைக்கிறேன். மூணு வருஷமா கால் நீளம் ஒரு நூல்கூட மாறலையே" என்றாள்.

"அது பாஸ்கெட்பால் அளவு வேறக்கா."

அக்கா நம்பினாள். தம்பி சொன்னால் நம்புகிறவள். அவர் அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளப்காரர் வந்தார். ஒல்லியான, அவசரமில்லாத மனிதர். கையில் ஒரு நீளப் பை. பெரிய கோச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். பரீட்சை மேசைகள் இன்னும் பாதிக் கூடத்தில் கிடந்தன, ஒரு வளையம் மட்டும் ஆடத் தோதாக இருந்தது. பையன்கள் சுவரோரமாக உட்கார்ந்து, பேசாமல் இருப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிளப்காரர் பையைத் திறந்து மடக்கு அளவுகோல் ஒன்றை எடுத்தார். அடியில் தட்டு, மேலே நகரும் கட்டை.

"ஷூவைக் கழட்டுப்பா. சாக்ஸையும்."

நெட்டை கழற்றினான். ஏறி நின்றான். கட்டை தலையில் இறங்கியது. கிளப்காரர் எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நிமிந்து நில்லு" என்றார். அவன் நிமிர்ந்துதான் நின்றிருந்தான். இன்னும் நிமிரப் பார்த்து, கழுத்து நரம்பு புடைத்தது. அந்த நரம்பைப் பார்த்தபோது சின்னக் கோச்சுக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம்போல் இருந்தது.

"ஆறடி மூணரை."

சுவரோரப் பேச்சு நின்றது. பெரிய கோச் சிரித்தார். "சார், உங்க அளவுகோல்ல ஏதோ கோளாறு."

"கோச், நான் இருபது வருஷமா இதைத் தூக்கிட்டு அலையறேன். எல்லாரும் ரெண்டு கூட்டுவீங்க, எனக்குத் தெரியாதா? ஏழுன்னு இருந்தா அஞ்சு இருப்பான்னு கணக்குப் போட்டுத்தான் வந்தேன். அஞ்சு இருந்தா சென்டருக்கு எடுத்துக்கலாம். மூணரையை வெச்சுக்கிட்டு எங்க சென்டருங்களுக்கு நடுவுல இவனை நிறுத்தினா நசுக்கிருவாங்க."

பெரிய கோச் சின்னக் கோச்சைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. மருமகன் பார்க்கவில்லை, குனிந்து சாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தான்.

சின்னக் கோச்சுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "சார், அவன் வெளியில நின்னு எறிவான் சார். ஸ்கூல்ல அவன் கார்டு. ஒரு பத்து பந்து பாருங்க சார், கை எடுத்துக் கும்பிடறேன்."

"அப்படியா? மூணரைல வெளியில எறியற ஆள்தான் சார் எங்களுக்குக் கிடைக்கவே மாட்டேங்குது" என்றார் கிளப்காரர். சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமாகவே ஓர் ஆவல் தெரிந்தது. சின்னக் கோச்சை அடித்துப்போட்டது அந்த ஆவல்தான்.

நெட்டை கோட்டுக்கு வெளியே போய் நின்றான். முதல் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது பலகையில் பட்டுத் தெறித்தது. மூன்று வருடமாகக் கூடைக்கு முதுகைக் காட்டி நின்ற தோள்கள், எடை தூக்கித் தூக்கி முறுக்கேறிய தோள்கள். முட்டி மோதுவதற்காக அவற்றை அப்படி ஆக்கியவரும் மாமாதான், தினமும் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்லி. நாலாவது பந்து விழுந்தது. எட்டாவது விழுந்தது. பத்துக்கு இரண்டு.

கிளப்காரர் அளவுகோலை மடக்கிப் பையில் வைத்தார். நெட்டையின் முதுகில் தட்டிக்கொடுத்து, "கை நல்லாத்தான்பா இருக்கு. சின்ன வயசுல பழகின கைன்னு பாத்தாலே தெரியுது. யாரு உன்னை உள்ள தள்ளினது?" என்று கேட்டார்.

அவன் உருண்டுபோன பந்தை எடுக்கப் போனான். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது.

வண்டி கிளம்பியதும் பெரிய கோச் ருத்ர தாண்டவம் ஆடினார். "மூணு வருஷமா ஒரு கார்டைக் கொண்டுபோய் சென்டரா ஆட வெச்சிருக்கேன்! இது வெளிய தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்? சொந்த மருமகன் வாழ்க்கையில இப்படி விளையாடியிருக்கீங்களே சார், நீங்கல்லாம் மனுஷனா?" சின்னக் கோச் வாங்கிக்கொண்டார். பெரிய கோச் தண்ணீர் குடித்தார், கொஞ்சம் ஆறினார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புத்தகம் இன்னைக்குத்தானே அச்சுக்குப் போகுது?"

"ஆமா கோச்."

"ஏழுங்கறதை மாத்தாதீங்க. எதிராளிங்களுக்கு ஏன் நாமளே எடுத்துக் குடுக்கணும்?"

சின்னக் கோச் சாமான் அறைக்குள் போய்க் கணினியின் முன் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பந்து வலைகள், ஒரு பக்கம் வியர்வை நாற்றமடிக்கும் ஜெர்சி மூட்டை. திரையில் மருமகனின் படம், மூன்று வருடத்துக்கு முன் எடுத்ததையே இன்னும் வைத்திருந்தார். உயரம் என்ற இடத்தில் இருந்த எண்ணை அழித்தார். கதவோரம் நிழல் தட்டியது. நெட்டை வந்து நின்றான்.

"மூணரைன்னு போடறேன்டா" என்றார், திரும்பாமலே. "கார்டுன்னு போடறேன். கோச் என்ன வேணா சொல்லட்டும், அவரு கால்ல விழுந்தாவது நான் பேசிக்கிறேன். நான் உனக்குப் பண்ணினது பாவம்டா. அன்னைக்கே நீ கேட்டே."

"எனக்கு அப்பவே தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"மூணுதான்னு. வீட்ல அம்மா டேப்பால அளந்து பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க எழுதியிருக்கீங்களேன்னு பாத்தேன். உங்களுக்கு ஏதாவது கணக்கு இருக்கும்னு நெனச்சேன்."

சின்னக் கோச்சின் கை விசைப்பலகை மேலேயே கிடந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், நாலு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். மூன்று வருடம் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கிக்கொண்டு, மாமாவிடம் ஏதோ கணக்கு இருக்கிறது என்று பையன் நின்றிருக்கிறான். அவருக்கு அழுகை வந்தது. அழ வெட்கமாகவும் இருந்தது.

"இப்ப மாத்திடலாம்டா. இன்னும் ஒரு சீசன் முழுசா இருக்கு. காலைல நான் கூட நிக்கிறேன், தினம் ஐந்நூறு பந்து எறி. கை திரும்ப வந்துரும்."

"யாரு இடத்துல நிக்கிறது மாமா? வெளியில அந்த ரெண்டாம் வருஷப் பையன் பத்துக்கு ஏழு போடறான்." நெட்டை நிதானமாகத்தான் பேசினான், பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போல. "உள்ள பாத்தா இந்த வருஷம் புதுசா ஒருத்தன் வந்திருக்கான். அவன் நிஜமாவே அஞ்சு. இன்னைக்குச் சும்மா இருந்தாலும் நாளைக்குக் கோச் புத்தகத்துல எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாப்பாரு."

"அதுக்கு?"

"ஏழுன்னே போடுங்க. அவனுக்கு ஆறுன்னு போடுங்க. கோச் ரெண்டைக் கழிச்சு அவனை நாலுன்னு எடுத்துக்குவாரு, என்னைவிட அரை அங்குலம்தானேன்னு விட்டுருவாரு. இந்த ஒரு சீசனாவது பெஞ்சுல உக்காராம முடிச்சுக்கிறேன்."

"டேய், அந்தப் புதுப் பையனுக்கு..."

"எனக்குப் போட்டீங்கள்ல மாமா?"

சின்னக் கோச் மருமகனின் முகத்தைப் பார்த்தார். கோபம் எதுவும் அதில் இல்லை, வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. அவர் ஏழு என்று அடித்தார். அடுத்த பக்கத்துக்குப் போய், ஷூவோடு அளந்து எழுதிவைத்திருந்த, வழக்கப்படி ஏழாக வேண்டிய ஆறடி ஆறரையை அழித்து, ஆறடி ஆறு என்று அடித்தார். நெட்டை பின்னால் நின்று இரண்டு எண்களும் விழுவதைப் பார்த்தான். பிறகு அச்சகத்துக்கு அனுப்பும் பொத்தானை, மாமாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவனே அழுத்தினான்.