மூன்றாம் இடம்

பிணத்தின் தாடைக்கடியில் தோல் தொப்பியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான் லாரிக்காரப் பிச்சை. பந்தயக் கண்ணாடியை முன்பே மாட்டியாயிற்று. மூக்கின் நுனியும் உதடுகளுமே வெளியே தெரிந்தன. குளிப்பாட்டிய ஈரம் காயாத பெஞ்சருகே நின்ற அழகேசன், தன் அண்ணன் பரஞ்சோதியை அக்கோலத்தில் கண்டான்.

"கழட்டு பிச்சை."

"என்னாண்ணே, படத்துல இருக்கிற மாரியேதான் போட்டிருக்கேன் லா. கரங்கான்லேருந்தெல்லாம் ஆளு வருது. ரேஸ் காரு ஓட்டுன மொதத் தமிழன சும்மாவா அனுப்புறது?"

அப்படம் சுவரில் தொங்கியது. முப்பத்தாறாம் ஆண்டு அலோர் ஸ்டாரில் ரப்பர்த் தோட்டத்து வெள்ளைத் துரைமார் நடத்திய கார்ப்பந்தயம். தொப்பியும் கண்ணாடியும் கையுறையும் பூண்டு, வென்ற காரில் பரஞ்சோதி. தோட்டத்து லயவீடுகளில் குடியிருந்தோர் அதற்கும் மாலை போட்டிருந்தனர்.

"இருக்கட்டும் தம்பி," என்றாள் அண்ணி மருதம்மாள். "அதப் போட்டுத்தான ஒங்கண்ணன் ஜெயிச்சாரு."

"ஜெயிச்சது அண்ணன் இல்லண்ணி. தொரை."

வாயிற்படியில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தனர்.

"வெள்ளக்காரங்கதான் ஓட்டலாம்னு சட்டம். தொரைக்கு அன்னிக்குக் காய்ச்சல். 'எம்பேருல நீ ஓட்டு, தோலு தெரியாம மூடிக்க'ன்னுட்டாரு அண்ணன்கிட்ட. கப்பு அவரு பங்களாவுல இருக்கு. அண்ணனுக்கு இந்தப் படம்."

பிச்சையின் கை வாரிலேயே நின்றது. "அப்ப இத்தினி வருசமா நாங்க பேசுனதெல்லாம் பொய்யா?"

"மறுவருசமும் அண்ணன் தொரை பேருலதான் எறங்குனான். பக்கத்துல மெக்கானிக்கா நான். வண்டி கெளம்புன ஒடனே தொப்பி, கண்ணாடி எல்லாத்தையும் கழட்டி எம்மடியில எறிஞ்சான். ஓடுற வண்டிய யாரு நிப்பாட்டுறது? ஏழு சுத்து. மண்ணு கண்ணுல அப்புது, பொறங்கையால தொடச்சிக்கிட்டே ஓட்டுறான். மூணாவதா வந்தான்."

"மூணாவதுக்கு என்னா குடுத்தாங்க?" என்றான் பிச்சை.

"ஒண்ணுமில்ல. எறங்கி நின்னான். எல்லாரும் மூஞ்சியப் பாத்தாங்க. 'இந்த எடந்தாண்டா என்னுது'ன்னான் எங்கிட்ட. மறுநாளே தொரை அவனத் தன் காரு ஓட்டுற வேலையிலேருந்து தோட்டத்து லாரிக்கு மாத்திட்டாரு."

மருதம்மாள் கணவனைப் பார்த்தாள். "கண்ணு செவந்து மூணு நாளு கெடந்தாரே," என்றாள் மெல்ல. "கைக்கொழந்தக்காரி நானு, தாய்ப்பால் விட்டேன். லாரித் தூசின்னாரே."

எழுந்து வந்து, பிச்சையின் கையை விலக்கி, வாரைத் தானே அவிழ்த்து, தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினாள்.

நண்பகலில் பரஞ்சோதியின் லாரியிலேயே உடலை ஏற்றினர். தலைமாட்டில் அழகேசன் அமர்ந்தான். பிச்சை தயங்கித் தயங்கி ஓட்டினான்.

"வெரட்டு பிச்சை," என்று ஓட்டுநர் அறையின் பின்பலகையைத் தட்டினான் அழகேசன்.

"பொணத்த வச்சிக்கிட்டா?"

"நீ ஊர்றதப் பாத்தா எந்திரிச்சு ஏசுவான் லா."

லாரி பாடாங் செராய்ச் சாலையில் வேகங்கொண்டது. ரப்பர் மரநிரைகளுக்கிடையே செம்புழுதி எழுந்து பின்தட்டை மூடியது.

சுடுகாட்டில் விறகின்மேல் கிடத்தியபின் வெட்டியான் குரலெடுத்தான்.

"மொகம் பாக்கிறவங்க பாத்துக்குங்க!"

நெற்றியிலும் இமை மயிரிலும் செம்மண் படிந்திருந்தது. பிச்சை தோள்துண்டை எடுத்துத் துடைக்கக் குனிந்தான். அழகேசன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

கரங்கானிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராய் முன்னே வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு விலகினர்.