நாலு சரிவு, அஞ்சு முகடு

துர்கா பூஜைப் பந்தலைச் சீன அரண்மனை மாதிரி போடுவது என்று முடிவானது ஒரு செருப்புக்கடை காலண்டரைப் பார்த்துத்தான். பெண்டிங்க் தெருச் சீனர் கடைக்கு ஷூ வாங்கப் போன சங்கச் செயலாளர் தபன் கோஷுக்கு அதை இனாமாகக் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் ஓடு, ஒன்றின் கீழ் ஒன்றாய் இரண்டு அடுக்குக் கூரை, மேல்நோக்கி வளைந்த மூலைகள். 1978-இல் பெஹாலாவில் வேறு எந்தச் சங்கத்துக்கும் இது தோன்றியிருக்காது என்று எல்லோரும் குதித்தார்கள். வரைந்து தரச் சொல்லி மீனாக்ஷியிடம் வந்தார்கள்.

மீனாக்ஷிக்கு பவானிபூரில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. கணவர் ராகவேந்திரன் பாங்கில் இருந்தார். அந்தத் தெருவில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. வங்காளிகளுக்கு அவள் ‘பௌதி’, அண்ணி.

மறுநாள் காலண்டரை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். பக்கத்து மேஜையில் உட்காரும் சென், பௌபஜார் சீனத் தச்சர் குடும்பத்துப் பையனாக வளர்ந்தவன், அவள் வயதுதான். படத்தைப் பார்த்ததும் சிரித்தான்.

“ரொம்பப் பெரிய இடத்துல கை வெச்சிருக்கீங்க. ரெண்டு பக்கம் மட்டும் சரிஞ்சு, பக்கச்சுவரோட நின்னா அது சாதாரண வீடு. சுவரைத் தாண்டி வெளியே நீண்டா ஒரு படி மேல. நாலு பக்கமும் சரிஞ்சு, உச்சியில மட்டும் ரெண்டு பக்கமும் முக்கோணம் தெரிஞ்சா கோயில், பெரிய மனுஷங்க கட்டடம். இது நாலு சரிவு, அஞ்சு முகடு: உச்சியில ஒண்ணு, மூலைக்கு ஒண்ணா நாலு. ராஜாவுக்குன்னு ஒதுக்கினது.”

“சரிவு நேரா வரலியே?”

“வராது. மேலே செங்குத்தா ஆரம்பிச்சு, கீழே வர வரப் படுக்கணும். அப்பதான் தண்ணி வேகமா வந்து சுவரை விட்டுத் தள்ளிப் போய் விழும்.”

அவள் அன்றே வரைய ஆரம்பித்தாள்.

பந்தல் கட்டும் மிஸ்திரி நிராபதோ வரைபடத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான். “மூங்கில் இப்படி வளையாது பௌதி. ரெண்டு சரிவு போட்டு, மூலைக்கு ஒரு கொம்பு வெச்சுட்டா போதும். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்,” என்றாள். “முழு மூங்கில்தான் வளையாது. பிளந்தா வளையும். துர்கை வந்து உட்காரப்போற இடம். ராஜாவுக்குப் போட்டதைவிடக் குறைச்சலா அவளுக்குப் போட என்னால முடியாது.”

தினமும் ஆபீசுக்குப் போகும் முன் மைதானத்துக்கு வந்து அளவுக் கயிற்றைப் பிடித்து நின்றாள். ஒரு மூலையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்ட வைத்தாள். நிராபதோ முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். மூன்றாவது தடவை வளைவு சரியாக விழுந்ததும் கீழே இறங்கி நின்று அவனே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்தது. மறுநாள் மத்தியானம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போயிற்று, பஸ் நின்றது. மேல் கூரைக்குத் தார்ப்பாய் போட்டாகியிருந்தது. கீழ் அடுக்குக்கு மூங்கில் மட்டும் கட்டி நின்றது. மைதானம் கொஞ்சம் மேடு என்பதால் கால்வாய்க் கரைக் குடிசைகளிலிருந்து நாற்பது பேர் குழந்தைகளோடும் பானைகளோடும் பந்தலுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

ராகவேந்திரன் தலையில் அரிசி மூட்டையோடு நடக்க, மீனாக்ஷி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. படுக்க இடமில்லாமல் கிழவிகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“பரண் கட்டணும்,” என்றாள்.

“மூங்கிலுக்கு எங்க போறது?” என்றான் நிராபதோ.

அவள் நிமிர்ந்து கீழ் அடுக்கைப் பார்த்தாள். மூன்று வாரமாகத் தூக்கத்தில்கூட வரைந்துகொண்டிருந்தது. நிராபதோவின் இடுப்பிலிருந்த கத்தியை வாங்கி முதல் முடிச்சைத் தானே அறுத்தாள்.

“பௌதி, உங்க வரைபடம்!”

“நான் மாத்திக்கறேன். நீ பிரி.”

இருட்டுவதற்குள் பதினோரு பரண்கள் எழுந்தன. கூரையின் மூன்று மூலைகளில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வந்து இரண்டு முழம் தள்ளி விழுந்தது. நாலாவது மூலையை மட்டும், மழை பிடித்த அன்று அவள் வர முடியாதபோது நிராபதோ அவசரமாக நேராகக் கட்டிவிட்டிருந்தான். அங்கே தண்ணீர் ஓடாமல் தேங்கி, விடியும்போது தார்ப்பாய் யானை வயிறு மாதிரி தொங்கியது. அடியில் குழந்தைகள்.

“கிழிச்சு விட்டுடலாம்,” என்றான் நிராபதோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“கிழிச்சா அப்புறம் எதை வெச்சு மூடுவே? ஏணியை எடு.”

“இந்த மழையிலயா? என்ன பண்றே மீனா?” என்றார் ராகவேந்திரன்.

“நீங்க ஏணியைப் பிடிச்சுக்கோங்க, போதும்.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கீழேயிருந்து பெண்கள் துணி சுற்றிய கழிகளால் தார்ப்பாயை மேலே தள்ளினார்கள். தண்ணீர் ஒரேயடியாக வெளியே கொட்டியது. அது மறுபடி தேங்குவதற்குள் நிராபதோ பழைய கட்டை அவிழ்க்க, அவள் பிளந்த மூங்கிலை வளைத்து அடியில் செருகிப் பிடித்தாள். கயிறு நனைந்து வழுக்கியது, உள்ளங்கை கிழிந்தது. இரண்டு மணி நேரம். கடைசி முடிச்சு இறுகியதும் அந்த மூலையிலும் தண்ணீர் தாண்டி விழுந்தது. கீழே யாரோ உலு உலு என்று குலவையிட்டார்கள்.

மழை விட்டதும் தபன் வந்தார். “இன்னும் ஏழு நாள்தான். இவங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம்.”

“அங்க மாடிப்படியில கூட ஆள் படுத்திருக்கு, போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன்,” என்றாள் மீனாக்ஷி. “மேடை வடக்குப் பாதியில இருக்கட்டும். தெற்குப் பாதியில இவங்க.”

“பூஜைப் பந்தல்ல குடித்தனமா? ஊர் என்ன சொல்லும் பௌதி? அதோட ரெண்டடுக்குன்னு நோட்டீஸ் போட்டாச்சு.”

“ரெண்டடுக்கு இல்ல, ஒண்ணுதான். ஆனா அது சரியா இருக்கும். இவங்களை வெளியே அனுப்பினா நான் இனி இந்தப் பந்தலுக்குள்ள கால் வெக்கமாட்டேன். மிச்ச வேலையை நீங்களே பார்த்துக்கோங்க.”

தபன் நிராபதோவைத் திரும்பிப் பார்த்தார்.

“பௌதி இல்லாம நானும் ஏறமாட்டேன்,” என்றான் அவன்.

தபன் வந்த வழியே போனார். சாயங்காலம் சேறு அள்ள மண்வெட்டிகளோடு பத்து ஆளை அனுப்பினார்.

மீனாக்ஷி லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். குடிசைப் பெண்கள் மஞ்சள் துணியைக் கீற்றாக மடித்து ஓடு வரிசை மாதிரி தைத்தார்கள். முகடு ஐந்துக்கும் சணல் சுற்றிச் சாயம் பூசினார்கள். பூஜை தொடங்கும் சஷ்டியன்று காலையில் சிலை வந்தது. ஒரு பக்கம் தாக் மேளம், இன்னொரு பக்கம் பரண்மேல் குழந்தைகள். ஊர் கொஞ்சம் பேசத்தான் செய்தது. ஆனாலும் வந்தது.

அஷ்டமியன்று சென் மனைவியோடு வந்தான். பந்தலைச் சுற்றி நடந்துவிட்டு, “எங்க ஆளுங்க பார்த்தா ஒரே அடுக்கான்னு கேப்பாங்க,” என்றான். பிறகு, “நான் கேக்கமாட்டேன்,” என்றான்.

சிலையைக் கரைத்த மறுநாள் மூங்கில் ஏற்ற லாரி வந்து நின்றது. எட்டுக் குடும்பம் வீடு திரும்பியிருந்தது. மூன்று குடும்பத்துக்குக் குடிசையில் இன்னும் ஈரம் காயவில்லை. மீனாக்ஷி லாரியை நோக்கி வேகமாக நடந்தாள். அவளுக்கு முன்னால் தபன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“பௌர்ணமிக்கு லக்ஷ்மி பூஜை, அது முடிஞ்சு வா,” என்று டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தார். “ஒரு மூங்கில் எடுக்கக் கூடாது. போ!”

லாரி காலியாகவே திரும்பிப் போயிற்று.