பாஸ்போர்ட் சிரித்தாள்

கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகிற குடும்பம் அது. தூக்கிப் பிடித்தால் போதும், சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடக் கையைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து, வரிசையில் நின்றுவிடுவார்கள். இதில் மணப்பெண்ணை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிறந்தநாள், பட்டமளிப்பு, சுற்றுலா, எல்லாப் படத்திலும் ஒரே முகம். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே பாஸ்போர்ட்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், கல்யாணப் படம் எடுக்கிற என்னைத் தேடி வந்தாள்.

"நிக்க வைக்காம, நடக்கிறத நடக்கிறபடியே எடுப்பீங்களாமேக்கா? எனக்கு ஒரே ஒரு படம் போதும். அதுல நான் நானா இருக்கணும். இதுவரைக்கும் என் படம் ஒண்ணைக்கூட நான் சுவத்துல மாட்டினதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தெற்றுப்பல் எட்டிப் பார்த்தது. அவ்வளவு அழகு! நான் கேமராவை எடுத்தேன். பல் உள்ளே போய்விட்டது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எடுத்தே தீருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று வழக்கம்போல முதல் இரண்டு மணி நேரம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா சுற்றினேன். மற்ற வீடுகளில் அதற்குள் என்னை மறந்துவிடுவார்கள். இங்கே நான் திரும்பிய பக்கமெல்லாம் சிலைகள். போதாக்குறைக்கு, பெண்ணின் பெரியம்மா அவள் பின்னாலேயே அலைந்தார். "சிரிடி! பல்லு தெரியாம சிரி!"

மதியம்வரை உருப்படியாக ஒரு படம்கூட இல்லை. பெரியம்மா என்னிடம் வந்தார்.

"வந்ததுலேர்ந்து வேடிக்கைதான் பாக்கிறே. நான் ஸ்டுடியோக்காரர வரச் சொல்லிட்டேன்."

ஆனாலும் நான் கிளம்பவில்லை.

ஸ்டுடியோக்காரர் வந்தார். எல்லோரையும் மேடையில் மூன்று வரிசையாக நிறுத்தினார். பெரியப்பா இறுக்கமான கோட்டுக்குள் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டார். நான் மேடையோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" வெளிச்சம் பளிச்சிட்டது. "முடிஞ்சுது." அவர் தலையைக் குனிந்து தன் கேமராவைப் பார்த்தார்.

அவ்வளவுதான், குடும்பமே மொத்தமாக மூச்சு விட்டது. தோள்கள் இறங்கின. பெரியம்மா கடிக்கிற செருப்பிலிருந்து காலை விடுவித்துக்கொண்டார். "இன்னொண்ணு" என்றதும் மறுபடி சிலைகள்.

எனக்குப் பொறி தட்டியது. இவர்கள் கேமராவை மறப்பது படம் எடுத்து முடித்த அந்த இரண்டு நொடிதான்!

"இன்னும் நாலு எடுங்கண்ணே," என்று தேனொழுகச் சொன்னேன். பெரியம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நாலாவது தடவை "முடிஞ்சுது" என்றதும் பெரியப்பா விட்ட மூச்சில் கோட்டுப் பொத்தான் பிய்த்துக்கொண்டு பறந்து, ஸ்டுடியோக்காரரின் வழுக்கையில் விழுந்தது. பெண் வெடித்துச் சிரித்தாள். மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தெற்றுப்பல் முழுசாகத் தெரிய. பக்கத்தில் பெரியம்மா கண்ணை மூடிச் சிரித்தபடி புருஷனின் முதுகில் ஒரு சாத்து சாத்தினார். நான் அழுத்தினேன்.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியம்மா அந்தப் படம் இருந்த பக்கத்தைப் புரட்டாமல் நின்றுவிட்டார். பல்லுக்காகத் திட்டு விழும் என்று நான் தயாரானேன்.

"இதான் நான்," என்றாள் பெண், படத்தில் விரலை வைத்து.

பெரியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இவ்ளோ அழகாவா சிரிக்கிறே? நான்தான் இத்தன நாளா வாய மூட வெச்சிட்டேனா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இதப் பெருசாப் போட்டுக் குடு. கூடத்துல மாட்டணும். என் சின்னவன் கல்யாணத்துக்கும் நீதான் வர்றே."

"வரேம்மா. ஆனா ஸ்டுடியோக்கார அண்ணனும் வரணும்."

"அவர் எதுக்கு?"

"முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு."

பாஸ்போர்ட் கலகலவென்று சிரித்தாள். நான் அவள் முகத்துக்கு நேராகவே கேமராவைத் தூக்கினேன். என்னைப் பார்த்தாள். பல் உள்ளே போகவில்லை.