இல்லையென்று சொல்லத் தெரியாதவன்

ஸ்பேனர் என்ற சொல்தான் முதலில் காணாமல் போனது. இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்ப்பவன், மொட்டை மாடி மோட்டார் அறையில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சொல் வாயில் வரவில்லை. "அது... அதைக் குடு" என்றான். கூட இருந்தவன் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். அடுத்த வாரம் ஏழாவது மாடியில், மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னால், வலது கை வெட்டி வெட்டி இழுக்க அப்படியே சரிந்து விழுந்தான். கதவு மட்டும் திறந்திருந்தால் என்று நினைத்து நினைத்து அவனுடைய அக்காவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அக்காவுக்கு வீட்டில் 'நீதிபதி' என்று பெயர். வைத்தவர் அவள் கணவர். எந்த விஷயத்தையும் முழுசாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது. ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தில் வேலை. ஹோட்டல் போர்வைகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் மலைமலையாக வரும். இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரியை அவள் அறிந்ததெல்லாம் அந்தப் போர்வைகள் வழியாகத்தான். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத கறைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

படம் எடுத்துப் பார்த்ததில் மூளையின் இடது பக்கத்தில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. பேச்சு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதுவும் உட்கார்ந்திருந்தது.

பெரிய டாக்டர் ஒல்லியான ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுகிறவர். அவர் பேசியது அந்த நகரத்து மொழி. வேலைக்குப் போய்ப் போய்த் தம்பிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அக்காவுக்கோ பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான அளவு தெரியும், அவ்வளவுதான். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது அப்பா அம்மாவோடு வந்த மொழி. அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் திரும்பி ஒன்று, அந்தப் பக்கம் திரும்பி ஒன்று என்று மூச்சு விடாமல் பேசிய அவருக்கு அன்றைக்கே 'ரேடியோ' என்று பெயர் விழுந்துவிட்டது.

டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கினார். மண்டையைத் திறக்க வேண்டும். கட்டியை எடுக்கும்போது நோயாளி விழித்திருக்க வேண்டும், பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தம்பி தலையாட்டினான்.

"சரி டாக்டர்."

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல டாக்டர். நீங்க சொன்னா சரிதான்."

"எனக்குச் சரியில்ல," என்றாள் அக்கா. "வேணாம். கிளம்புடா."

ரேடியோ இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் திணறினார். பிறகு சொன்னார். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, "ஏன்னு சொல்லுங்கம்மா. எனக்கு நேரம் இருக்கு," என்றார்.

இப்படி ஒரு டாக்டர் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதனாலேயே சொல்லிவிட்டாள். அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டு விதமான மாத்திரை எழுதிக் கொடுத்தார். எதை எப்போது சாப்பிடுவது என்று அப்பா இரண்டாம் தடவை கேட்டார். "நீ டாக்டரா, நான் டாக்டரா? சொல்றதைக் கேட்டுட்டுப் போ" என்று விழுந்தது அடி மாதிரி ஒரு சத்தம். அப்பா கைகூப்பினார். அதற்குப் பிறகு டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டினார். மூன்று தடவை போனார், மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு வந்தார். காலையில் சாப்பிட வேண்டியதை ராத்திரியிலும், ராத்திரி மாத்திரையைக் காலையிலும் விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லித் தெரிந்தது. மாத்திரையால் போனாரா, நோயால் போனாரா, யாருக்கும் தெரியாது.

"அன்னைக்கு இவன் கத்துக்கிட்டது தலையாட்டுறது. நான் கத்துக்கிட்டது, இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு."

 டாக்டர் சொன்னார்: "உங்களைப் பத்தி எனக்குப் பயமே இல்லம்மா. உங்க தம்பியைப் பத்தித்தான் பயம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையில இவருக்கு ஊசி போட்டேன். வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னார். கண்ணுல தண்ணி நிக்குது. தலைவலி இருக்கான்னு கேட்டா இல்லன்னார். வெளியில போய்ப் பாத்தா சுவத்துல தலையை முட்டுக்குடுத்து நிக்கிறார். நான் மூளையில கை வெச்சிருக்கும்போது இப்படி மரியாதைக்கு 'சரி'ன்னு சொன்னார்னா, நான் எடுக்கக் கூடாத இடத்தை எடுத்துருவேன். இவர் யார்கிட்ட இல்லன்னு சொல்லுவார்?"

அக்காவின் கணவர் அதுவரை மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "இவகிட்டத்தான். பொழுது விடிஞ்சா ரெண்டு பேரும் அதைத் தவிர வேற எதுவும் பேசுறதில்ல," என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப நீங்க உள்ள வரணும்."

அக்கா சிரிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். "இதுல எத்தனை பேருக்கு உங்க கையில தப்பாப் போயிருக்கு?"

ரேடியோ மென்று முழுங்கினார். "கேளுங்க," என்று அதட்டினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பதில் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. "மூணு பேருக்கு. அதுல ஒருத்தருக்குப் பேச்சே திரும்பல. இப்பவும் மாசம் ஒரு தடவை போய்ப் பாக்குறேன். அவர் வீட்டுல என்னை உள்ள விடுறாங்க. ஏன் விடுறாங்கன்னு எனக்கே தெரியல."

அப்பாவின் கைகூப்பலை முப்பத்தைந்து வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தவள், ஒரு டாக்டர் தன் தோல்வியை எண்ணிச் சொல்வதை முதல் தடவையாகக் கேட்டாள். கேட்டால் அடி விழும் என்று நினைத்திருந்த இடத்தில் பதில் வந்திருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றாள்.

நான்கு மத்தியானங்கள் அவர்கள் பட அட்டைகள் தயாரித்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போது ஒவ்வொரு படமாகக் காட்டி அது என்னவென்று தம்பியிடம் கேட்க வேண்டும். இரண்டு மொழியிலும் அவன் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த பழைய அட்டைகளில் பாதியை அக்கா தள்ளுபடி செய்துவிட்டாள். "இந்த வாத்தியத்தை இவன் ஜென்மத்துல பாத்ததில்ல. இது என்ன, படகா செருப்பா?" அவற்றுக்குப் பதிலாகக் குடை, ஏணி, சீப்பு, இஸ்திரிப் பெட்டி, துண்டு, லிஃப்ட் என்று அவள் சொல்லச் சொல்லப் படம் வந்தது. டாக்டர் அந்தச் சொற்களைத் தன் வாயிலும் சொல்லிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை அவர் சொன்ன அழகைக் கேட்டுத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டாக்டர் விடவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரி, வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆபரேஷன் காலையில். அக்காவுக்கு நீலச் சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். அந்தப் பயத்திலும், "இதை இஸ்திரி போட்டது யாரு? மடிப்பே சரியில்லையே" என்று கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

உள்ளே ஒரே குளிர். தம்பியை மயக்கி, மண்டையைத் திறந்து, மறுபடி எழுப்பிய பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்கள். நீலத் துணியைக் கூடாரம் மாதிரி கட்டியிருந்தார்கள். கூடாரத்துக்கு இந்தப் பக்கம் தம்பியின் முகம் மட்டும். அந்தப் பக்கம் டாக்டரின் கண்கள் மட்டும். ஓரமாக ரேடியோ. சுவரில், திறந்த மூளையைக் காட்டும் ஒரு திரை. பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பார்த்துவிட்டாள்.

வெளிர் சிவப்பாக, ஈரமாக மினுங்கியது. மெல்லிய ரத்தக் குழாய்கள் கொடி மாதிரி ஓடின. எல்லாவற்றையும்விட, அது அசைந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. தூக்கி வளர்த்தது, அடித்தது, சோறு ஊட்டியது, வாய்ச்சண்டை போட்டது எல்லாம் இதற்குள்ளேதானா இருக்கிறது? அவளுக்குக் கண் கலங்கவில்லை. கோயில் கதவு திறக்கும்போது நிற்பது போல நின்றாள்.

"என்னக்கா பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற?" என்றான் தம்பி.

"உன் மூஞ்சியைத்தான் பாக்குறேன். ரெண்டும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து முதல் அட்டையை எடுத்தாள்.

"குடை," என்றான். நகரத்து மொழியிலும் சொன்னான். சீப்பு. துண்டு. டாக்டர் மெல்லிய மின்சாரம் பாயும் ஒரு கம்பியால் அங்கங்கே தொட்டுக்கொண்டே வந்தார். ஏணிப் படம் வந்தது. தம்பி நகரத்து மொழியில் டக்கென்று சொன்னான். வீட்டு மொழியில் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. உதடு துடித்தது. கண்ணில் மிரட்சி. டாக்டர் கம்பியை எடுத்தார்.

"ஏணி!" என்றான் தம்பி. "ஏணி, ஏணி. அக்கா, அது என் பக்கத்துலயே இருந்துச்சு. யாரோ கதவைச் சாத்திட்ட மாதிரி ஆயிடுச்சு."

அந்த இடத்தில் டாக்டர் எண் போட்ட ஒரு துணுக்குத் தாளை வைத்தார்.  "இதைப் பாக்கத் தொடங்கி இருபத்தாறு வருஷமாச்சு. இன்னும் பழகல," என்று ரேடியோவிடம் சொன்னார். ரேடியோ அதை அக்காவுக்கு மெல்லச் சொன்னார். ஒரு மொழிக்குப் பக்கத்தில் இன்னொரு மொழி, சுவர் ஒட்டிய இரண்டு வீடுகள் போல, ஒரு விரல்நுனி அகலத்துக்குள். அம்மா சொல்லிக்கொடுத்தது ஓர் இடத்தில், ஊர் சொல்லிக்கொடுத்தது ஓர் இடத்தில்.

பிறகு கட்டியை எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"ஏதாவது தொந்தரவு தெரியுதா?" என்று கூடாரத்துக்கு அப்பாலிருந்து டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். நல்லா இருக்கேன் டாக்டர்."

அக்கா அட்டையைக் கீழே வைத்தாள். அவன் கீழுதடு இடது பக்கம் கோணியிருந்தது. சின்ன வயதில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போனேன் என்று சொன்ன அன்றைக்கு இருந்த அதே கோணல்.

"பொய் சொல்றான்," என்றாள். யாருக்கும் புரியவில்லை. ரேடியோகூட முழித்தார். "டேய், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லக்கா."

"அடி வாங்குவ. தலையைத் திறந்து போட்டுட்டு இருக்காங்க, இப்பவும் உனக்கு மரியாதையா?"

"அவங்க பாவம்க்கா, எவ்வளவு நேரமா நிக்கிறாங்க. நடுவுல எதையாவது சொல்லி..." அவன் குரல் உடைந்தது. "வலது கை மரத்துப் போச்சுக்கா. விரலே என்னோடது இல்லாத மாதிரி இருக்கு. ரொம்ப நேரமாவே."

ரேடியோ சொல்லி முடிப்பதற்குள் டாக்டரின் கை நின்றுவிட்டது.  "விரலை ஆட்டச் சொல்லுங்க." கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஆள்காட்டி. மற்றவை நெடுநேரம் கழித்துத்தான் அசைந்தன. டாக்டர் அந்த இடத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். மறுபடி அங்கே போகவேயில்லை.

மாலையில் வெளியே வந்து அக்காவிடம் நேராகச் சொன்னார். "முக்கால்வாசிக்கு மேல எடுத்தாச்சு. கைக்குப் பக்கத்துல இருந்ததை விட்டுட்டேன். அது வளருமா தூங்குமான்னு வருஷா வருஷம் பாக்கணும். நீங்க சொல்லலைன்னா அதையும் எடுத்திருப்பேன். கையும் அதோட போயிருக்கும்."

எடுத்ததைப் பெருமையாகச் சொல்லாமல், விட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் சோதனை அதோடு முடியவில்லை. தம்பி கண் விழித்ததும் நகரத்து மொழியில் பேசினான். அந்த மொழியில் மட்டும். அக்கா என்ன கேட்டாலும் புரிந்துகொண்டான். பதில் வீட்டு மொழியில் வரவில்லை. அக்கா என்று கூப்பிடக்கூட வராமல் திண்டாடினான். அவளோடு பேச அவனுக்கு ரேடியோ தேவைப்பட்டார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவனைப் பார்ப்பது போலத் தன் தம்பியைப் பார்த்தாள்.

"வீக்கம் வடிஞ்சா வரும்னு நினைக்கிறேன். நிச்சயமாத் தெரியாது," என்றார் டாக்டர்.

"என்ன டாக்டர் இவங்க, தெரியாதுங்கிறாங்க?" என்று கணவர் பதறினார்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவங்க, தெரியும்னு சொன்னா அது தெரியும்," என்றாள் நீதிபதி. அப்பீல் கிடையாது என்று கணவருக்குப் புரிந்துவிட்டது.

மூன்று நாள் போனது. நாலாம் நாள் காலையில் அவள் ஈரத் துண்டால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து, காது, காதுக்குப் பின்னால். குழந்தையில் தேய்த்த அதே தேய்ப்பு. தம்பி தலையைத் திருப்பினான். கையைத் தட்டிவிட்டான்.

"போதும்க்கா," என்றான். "தோலு உரியுது."

துண்டு கையிலிருந்து நழுவியது. அவன் பேசிக்கொண்டே போனான், வாளி கவிழ்ந்த மாதிரி. எப்போது சாப்பிட்டாள், மாமா எங்கே, ஏன் இப்படி அழுகிறாள். அவள் பதில் சொல்லாமல் வராந்தாவுக்கு ஓடினாள். ரேடியோவைத் தேடவில்லை. டாக்டர் எதிரில் வந்துகொண்டிருந்தார். கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் தெரிந்த அந்த மொழியில், தப்பும் தவறுமாக, "வந்துச்சு. எல்லாம் வந்துச்சு. திட்டுறான்," என்றாள்.

டாக்டர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார் என்று சொல்வதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மூன்று நாளாக இவரும் இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு காலையும் சிரித்த முகத்தோடு வந்து நின்றிருக்கிறார் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுவிக் கழுவி வறண்டுபோன, நகம் ஒட்ட வெட்டிய அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தாள். தம்பியின் பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் நுழைந்து, ஒன்றும் கலையாமல் வெளியே வந்த கைகள். தொடலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒன்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

உள்ளேயிருந்து தம்பி அவளைக் கூப்பிடும் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.