நூற்றுப் பதினேழாவது டைல்ஸ்

கணிதத் துறைத் தாழ்வாரத்தில் திங்கட்கிழமை பதினொன்று பத்துக்கு எழுந்த அலை முழங்கால் உயரம் இருந்தது; யாரையும் நனைக்கவில்லை. நேரியலில்லாச் சமன்பாடு ஒன்றுக்குத் துல்லியமான அலைத்தீர்வு தேடி ஆறு வருடம் உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவன், விடைக்கு அடியில் இரட்டைக் கோடு இழுத்த நிமிடம் அது. அலை நாளுக்கு ஒன்பது டைல்ஸ் தூரம் நகர்ந்தது. ஞாயிறு விடுப்பு எடுத்துக்கொண்டது. அதை வருகைப் பதிவேட்டில் சேர்ப்பதா என்று துறைத்தலைவர் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். பதில் வரவில்லை.

உயரம்தான் சிக்கல். இரண்டாம் வாரம் அது கூரையை இடித்து ட்யூப்லைட்டுகளை உதிர்த்தது. மாணவன் தன் விடையிலேயே எண்களைப் போட்டுப் பார்த்தான். பதின்மூன்றாம் வேலைநாள் பதினொன்று பத்துக்கு, நூற்றுப் பதினேழாவது டைல்ஸில், உயரம் முடிவிலி. அந்த டைல்ஸின் மேல், தாழ்வாரம் போய் முடியும் நூலகத்தின் கவுண்டர் இருந்தது; கவுண்டருக்குப் பின்னால், ஆறு வருடம் அவனுக்குச் சோறு போட்ட அக்கா இருந்தாள்.

"எந்திரிச்சு வந்துடுக்கா."

"தற்காலிக வேலைடா. நாற்காலி காலியா இருந்தா வேற ஆளை உக்கார வச்சிடுவாங்க. உன் அலையை நீ பிடி."

அவன் ஆய்வு வழிகாட்டியிடம் ஓடினான். இதே முறையில் நூற்றுப் பதினான்கு கட்டுரை வெளியிட்டவர் அவர். விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்கலாமா என்று கேட்டதும் பேனாவை மூடிவைத்தார். "நம்ம துறையில யாருப்பா அப்படிச் செஞ்சிருக்காங்க? கட்டுரை போடுற பத்திரிகைக்காரனே கேக்கல. உனக்கென்ன?"

பதின்மூன்றாம் நாள் பத்தே முக்காலுக்கு அவன் கவுண்டரின் மேலேயே தாளை விரித்தான். அக்கா புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். விடையைப் போட்டு விரித்தால் எல்லா உறுப்புகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியமாக வேண்டும். ஏழு பக்கம் அடித்தான். வாசல் நிலை நெரிபடும் சத்தம் கேட்டது.

"மூச்சு விடாதக்கா, கணக்கு குழம்புது."

"நான் விடலடா. அது உன் அலை."

ஒரே ஓர் உறுப்பு மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனான். மூன்றாம் பக்கத்தில், கழித்தல் குறி இருக்கவேண்டிய இடத்தில் கூட்டல் குறி. வழிகாட்டியின் முதல் கட்டுரையிலிருந்து அவன் அப்படியே எடுத்தெழுதிய வரி அது. நூற்றுப் பதினான்கிலும் அதே வரி இருந்தது. பதினொன்று ஒன்பதுக்கு அவன் குறியை மாற்றினான். முடிவிலிக்கு ஏறிய சார்பு ஓர் எல்லைக்குள் அடங்கும் சார்பாக மாறியது. கூரையை உரசிக்கொண்டிருந்த அலை முழங்காலுக்கு இறங்கி, கவுண்டரை ஊடுருவிப் போனது. அக்கா காலைத் தூக்கிக்கொண்டாள். "இவ்வளவுதானா?" என்றாள்.

அன்றிலிருந்து அது ஒன்பது டைல்ஸ் கணக்கை விட்டுவிட்டு, உயரம் மாறாமல், ஒரே வேகத்தில், தினமும் தாழ்வாரம் முழுவதையும் கடக்கிறது. வழிகாட்டி தன் கட்டுரைகளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். உள்ளே அவ்வப்போது தளும்பும். அக்கா அடுத்த வருடம் நிரந்தரமானாள். பதினொன்று பத்துக்கு நூலகத்தில் படிக்கிறவர்கள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே காலைத் தூக்கிக்கொள்கிறார்கள்.