கைராசிக்காரி

வண்டியை விட்டு இறங்கிய பூக்கடைக்கார அம்மா வாய்க்காலைத் தாண்டி நேராகச் சின்னவளின் பாத்திக்குப் போனாள். இந்தப் பக்கம் கத்தரிக்கோலும் கையுமாக நின்ற பெரியவளுக்குப் போகிற போக்கில் ஒரு தலையசைப்பு கிடைத்தது. இரண்டு பக்கத்துச் சாமந்தித் தண்டுகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு பக்கமும் செடிப்பேன் ஏறியிருக்கே. அடுத்த வாரம் வரேன். எந்தப் பக்கம் சுத்தமா இருக்கோ, இந்தப் பருவம் முழுக்க அங்கதான் எடுப்பேன். சின்னவ எப்படியும் தேத்திடுவா. கைராசிக்காரி!"

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தப் பட்டம் அவளுடையது. இதே வாய்தான் இத்தனை வருடமாக அவளைக் கைராசிக்காரி என்றது. இவளோ கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நேற்று வந்தவள். வந்ததும் வராததுமாக, "பூவுக்கு மருந்தே வேணாம், மண்ணே பாத்துக்கும்" என்றாள். மாமனார் தலையாட்டினார், கொழுந்தன் ஆட்டினான், பெரியவளின் கணவனோ கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆட்டினான். மருந்து டப்பாக்கள் வெளியே போயின, சாணமும் வைக்கோல் மூடாக்கும் உள்ளே வந்தன. தோட்டமும் வாய்க்காலை எல்லையாக வைத்து ஆளுக்குப் பாதியானது. அன்றிலிருந்து சின்னவள் பக்கத்துப் பூ ஒரு சுற்றுப் பெரிது. அது பெரியவளின் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை தன் செடிகளைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. பேன் போதாதென்று புதிதாக ஒரு புழு. கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, முதுகெல்லாம் முள். மருந்தடித்த காலத்தில் இப்படி ஒரு சனியனை அவள் கண்டதே இல்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். சோப்புத் தண்ணீரில் முக்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கால் வாய்க்கால் பக்கம் போனது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு டப்பாவைச் சின்னவளின் செடிகள்மேல் தட்டிக் கவிழ்த்தாள். தேத்துடி பாக்கலாம், கைராசிக்காரி! அன்று அவளுக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

வாரம் முடிவதற்குள் அவள் பக்கத்து மொட்டுகள் பிசுபிசுத்துத் தலை தொங்கின. கையால் நசுக்கினாள், தண்ணீரைப் பீய்ச்சினாள், பேன் அசையவில்லை. அந்தப் பக்கம் மட்டும் தண்டெல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சொன்னபடி வந்து பார்த்த பூக்கடைக்கார அம்மா வாயைப் பிளந்தாள்.

"எப்படிம்மா?"

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. எல்லாம் அக்காதான்" என்றாள் சின்னவள்.

அவள் பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குக் காலைல சன்னல் வழியா பாத்தேன்க்கா. புழுவ எங்க செடியில விட்டீங்கல்ல? அது பொறிவண்டுக் குஞ்சு. பேன மிச்சம் வைக்காம தின்னுடுச்சு." அவள் குரல் தணிந்தது. "உங்க செடியிலயும் பேன் இருந்துச்சே. எனக்குத் தூக்கிக் குடுத்தீங்க. நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவளை இப்படியா ஒருத்தி பாராட்டுவாள்? கிண்டலா, நிஜமா? பெரியவள் அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

பூக்கடைக்கார அம்மா பெரியவளின் தோளைத் தட்டினாள். "அதானே பாத்தேன். பழைய கைராசி எங்க போயிடும்!" சொல்லிவிட்டுச் சின்னவளின் பூக்களை வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

"கைய நீட்டுங்கக்கா. ஒண்ணு வளந்துடுச்சு" என்ற சின்னவள், தன் விரலிலிருந்த சிவப்பு வண்டை அவள் உள்ளங்கைக்கு மாற்றிவிட்டாள்.

பெரியவள் கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை. வண்டு ரேகைகளைத் தாண்டி விரல் நுனிவரை ஏறியது. அங்கே நின்று சிறகை ஒருமுறை விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டது.